சஃப்ரான்போலு நிலப்பட நூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

துருக்கியின் வடக்கே, கருங்கடலோர மலைகளுக்கு உட்புறமாக, கராபூக் மாகாணத்தில் அமைந்த சஃப்ரான்போலு என்னும் சிறு மலையூரைப் பற்றித் தமிழில் ஒரு நூல் வெளியிட எங்கள் குழு முயன்று வருகிறது. கட்டுரைகள் எழுதி முடிந்துவிட்டன. நிலப்படங்கள் வரைவதற்கும் அச்சிடுவதற்கும் பொருளுதவி நாடியே இவ்வேண்டுகோளை விடுக்கிறோம்.

நிலப்படங்களை நாங்கள் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்த ஊரின் வரலாற்றை அதன் சரிவுகளிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது. ஓடைகள் அறுத்த பள்ளத்தாக்கில், காற்றுக்கு மறைவாக இருப்பது கடைவீதியும் குளிர்கால வீடுகளும் கொண்ட பழைய நகரம். பள்ளம் என்றே பொருள்படும் 'சுக்கூர்' என்பது அதன் பெயர். கோடை வந்ததும் குடும்பங்கள் மேட்டிலுள்ள 'பாக்லர்' என்னும் திராட்சைத் தோட்டப் பகுதிக்குக் குடிபெயர்ந்தன. கல்லால் எழுப்பிய தரைத்தளத்தின் மேல் மரச்சட்டமும் பச்சைச் செங்கல்லும் கொண்டு கட்டிய மாடிகள் தெருவின் மேல் நீட்டிக்கொண்டிருப்பதையும், தெருக்கள் சரிவோடு வளைந்து செல்வதையும் உயரக் கோடுகளுடன் கூடிய படம் இல்லாமல் வாசகருக்கு எப்படி விளக்குவது?

13ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் வரும்வரை, கிழக்கையும் மேற்கையும் இணைத்த வணிகப் பாதையில் இவ்வூர் முக்கியமான தங்கல் இடமாக இருந்தது. பழைய பள்ளிவாசலும் குளியல் மண்டபமும் சுலைமான் பாஷா மதரசாவும் 1322இல் எழுந்தவை. 17ஆம் நூற்றாண்டில் ஊர் உச்சநிலையை அடைந்தது. ஒட்டோமான் சுல்தான் இப்ராகிமின் நோய் தீர்க்க அரண்மனைக்கு அழைக்கப்பட்டுப் பெருஞ்செல்வாக்குப் பெற்ற இவ்வூர்க்காரர் ஜின்ஜி ஹோஜா, தம் ஊரில் கட்டிய வணிகர் சத்திரம் இன்றும் நிற்கிறது. அவரோ 1648இல் கொல்லப்பட்டார்.

ஊரின் மூன்றாவது பகுதியான கிரான்கோய்க்கு நூலில் தனி அத்தியாயம் ஒதுக்கியுள்ளோம். கடைக்கு மேலேயே வீடு அமைத்து வாழ்ந்த கிரேக்கக் கிறித்தவர்கள், கிரேக்கமும் துருக்கியும் 1923இல் செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற உடன்படிக்கைக்குப் பின் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. அவர்களுடைய தேவாலயம் இன்று பள்ளிவாசலாக இருக்கிறது. அவர்களை விட்டுவிட்டு இவ்வூரின் கதையைச் சொல்வது முறையன்று என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

1937இல் அருகிலுள்ள கராபூக்கில் இரும்பாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வளர்ச்சி அந்தப் புதிய நகரத்தின் பக்கம் போனது. பழைய தொழில்கள் நலிந்தாலும், இடித்துக் கட்டும் வேகம் பழைய ஊரை அவ்வளவாகத் தீண்டவில்லை. 1994இல் யுனெஸ்கோ இவ்வூரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஊருக்குப் பெயர் தந்த குங்குமப்பூ, அருகிலுள்ள சிற்றூர்களில் இன்றும் இலையுதிர் காலத்தில் பூக்கிறது. பூவொன்றுக்கு மூன்றே சிவந்த இழைகள் என்பதால் அதைக் கையாலேயே பிரித்தெடுக்கிறார்கள்.

மூன்று பகுதிகளுக்கும் தனித்தனிப் படங்கள், வணிகப் பாதையைக் காட்டும் ஒரு படம், பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டுத் தோற்றம் என ஐந்து படங்களை வரையவிருக்கிறோம். தாங்கள் தரும் தொகை சிறிதாயினும் நன்றியுடன் ஏற்று, உடனே ரசீது வழங்குவோம். நூல் அச்சானதும் வரவு செலவுக் கணக்கை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம். நிதி மீந்தால், கூடுதல் படிகள் அச்சிட்டுக் கிராமப்புற நூலகங்களுக்கு இலவசமாக வழங்குவோம்.

இவண்,
நூல் வெளியீட்டுக் குழுவினர்