மாணவர் திட்ட நிதியில் பராமரிப்புக்கும் பங்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்கள் ஏதாவது ஒரு கிராமத்துக்குக் கருவி செய்து கொடுத்த செய்தி தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அவ்வப்போது வருகிறது. அந்தச் செய்திகளை விடாமல் படிப்பவள் நான். தருமபுரி மாவட்டத்தில் ஒரு கலை, அறிவியல் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றேன். அங்கே பல ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்தேன். மாணவர்களின் இத்தகைய வேலைகளுக்குக் கிடைக்கும் சிறு நிதிகளைப் பற்றி, அவற்றை வாங்கியும் செலவழித்தும் கணக்குக் காட்டியும் பழகியவள் என்ற முறையில், ஒரே ஒரு கோரிக்கையை முன்வைக்க விரும்புகிறேன்.

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வுத் திட்டம் ஒன்றுக்கு 7,500 ரூபாய் வரை தருகிறது. கல்லூரிகளைக் கிராம மேம்பாட்டில் ஈடுபடுத்த மத்திய அரசு 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் என்னும் திட்டத்தில் சேரும் கல்லூரி குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்துக்கொள்ள வேண்டும். அதை டெல்லி ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மூத்தது நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. நான் பொறுப்பில் இருந்த காலத்தில் அதன் ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு ஒரு மாணவருக்கு 450 ரூபாய் கிடைத்தது. நாளொன்றுக்கு 65 ரூபாய்கூட இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு, வண்டிச் செலவு, பந்தல், மருந்துப் பெட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஊர்க்காரர்கள் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுத்ததால்தான் பல முகாம்கள் நடந்து முடிந்தன.

இவ்வளவு சிறிய தொகையை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. நிறையவே செய்யலாம் என்பது என் அனுபவம்.

எங்கள் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீருக்கே வழியில்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளின் பல்லில் முதலில் வெண்புள்ளி தெரியும். பிறகு பழுப்புக் கோடு விழும். அந்தக் கறையைத் தேய்த்துப் போக்க முடியாது. நெடுங்காலம் குடித்தவர்களுக்கு மூட்டு இறுகும், முதுகு வளையும். என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த பெண்கள் சிரிக்கும்போது துப்பட்டாவால் வாயை மூடிக்கொள்வார்கள். கூச்சம் என்றுதான் வெளியூர் ஆசிரியர்கள் நினைப்பார்கள். பல்லை மறைக்கவே அவர்கள் அப்படிச் செய்தார்கள் என்பது உள்ளூர்க்காரியான எனக்குத் தெரியும்.

அந்தப் பெண்களில் சிலர்தான் இறுதியாண்டில் பென்னாகரம் வட்டத்துச் சிற்றூர்களின் கைப்பம்புகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் சோதிக்கும் திட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வருவதற்கு முந்திய காலம் அது. சோதனைக் குழாயில் நீரை எடுத்து வினைப்பொருளைச் சொட்டவிட்டால், ஃபுளோரைடு குறைவாக இருக்கும்போது இளஞ்சிவப்பு நிறம் அப்படியே நிற்கும். கூடக்கூட மஞ்சளுக்கு மாறும். பம்படியில் குடத்தோடு நின்ற பெண்கள் அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு, தங்கள் பிள்ளைகளின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்கள். மேடை போட்டு நாங்கள் பேசிய எந்தப் பேச்சும் செய்யாததை அந்த ஒரு சொட்டு செய்தது. குடிக்க ஆகாத பம்புக்குச் சிவப்பு, ஆகும் பம்புக்குப் பச்சை என்று மாணவிகள் வண்ணம் அடித்தார்கள். அடிமேடையில் அளவையும் தேதியையும் எழுதினார்கள். பெயின்ட்டுக்கும் பிரஷ்ஷுக்கும் பஸ் கட்டணத்துக்கும் மேல் பெரிதாகச் செலவே இல்லை.

அந்த வண்ணம் பல ஆண்டுகள் நிலைத்தது. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் ஒருவர் முதல் நாளிலிருந்தே மாணவிகளோடு கூடவே நடந்தார். எந்தப் பம்பு யார் வீட்டு வாசலில் இருக்கிறது, எது கோடையில் வற்றும், எதை மாட்டுக்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சோதனை செய்யும் முறையை அவரும் கற்றுக்கொண்டார். எஞ்சிய வினைப்பொருள் புட்டியையும் ஒரு கோடு போட்ட நோட்டையும் அவரிடமே விட்டுவந்தோம். மழைக்குப் பிறகு அளவு மாறினால் அவரே எழுதுவார். வண்ணம் உரிந்தால் ஊராட்சியில் சொல்லிப் பூசவைப்பார். தன் சொற்பச் சம்பளத்துக்குள் இதையும் ஒரு கடமையாக எடுத்துக்கொண்ட அந்த மனிதருக்கு எந்தத் திட்டத்திலும் ஒரு ரூபாய் ஒதுக்கப்படவில்லை.

இதே காலத்தில், அடுத்த சிற்றூரின் தொடக்கப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் எங்கள் மாணவர்கள் ஒரு வடிகட்டி அமைத்தார்கள். தடித்த பி.வி.சி. குழாய்க்குள் ஆக்டிவேட்டட் அலுமினா என்னும் வெள்ளை மணிகளை நிரப்பி, மேலே தண்ணீரை ஊற்றிக் கீழே குழாயில் பிடிக்கும் ஏற்பாடு. கிடைத்த நிதியில் பெரும்பங்கு அந்த மணிகளுக்கே போனது. வடிகட்டி சிறப்பாகவே வேலை செய்தது. துறைப் பரிசோதனைக்கூடத்தில் நாங்கள் எடுத்த அளவுகளைப் பார்த்துத் துறைத்தலைவரே மகிழ்ந்தார். மாணவர்கள் வாய்மொழித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றார்கள். ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனார்கள்.

ஆனால் அலுமினா மணிகள் ஓரளவு ஃபுளோரைடைத்தான் பிடித்துவைக்கும். நிறைந்துவிட்டால் தண்ணீர் உள்ளே போனபடியே வெளியே வரும். அப்போது மணிகளை எரிசோடா எனப்படும் காஸ்டிக் சோடாவின் நீர்த்த கரைசலில் கழுவி, பிறகு நீர்த்த அமிலத்தால் சமன்செய்து, நல்ல நீரில் பலமுறை அலச வேண்டும். கழுவிய நீரில் ஃபுளோரைடு மிகுந்திருக்கும்; அதைக் கண்ட இடத்தில் கொட்டவும் கூடாது. சத்துணவுச் சமையலர் அம்மாவிடம் விட்டுவிடக்கூடிய வேலையா இது? வேதியியல் துறையிலிருந்து ஆள் போக வேண்டும், எரிசோடாவும் அமிலமும் வாங்க வேண்டும், வண்டி வேண்டும். தொகை என்று பார்த்தால் முதல் செலவில் ஒரு சிறு பகுதிதான். அந்தச் சிறு பகுதிக்கு எங்கும் இடமில்லை என்பதுதான் சிக்கல்.

அடுத்த ஆண்டு மாணவர்களைக் கொண்டு விண்ணப்பிக்கலாம் என்று முயன்றேன். விண்ணப்பத்தில் திட்டத்தின் புதுமை என்ன என்று ஒரு கேள்வி இருந்தது. ஏற்கெனவே உள்ள வடிகட்டியைப் புதுப்பித்து, அது எவ்வளவு காலம் உழைக்கிறது என்று ஆராய்வதைப் புதுமையாகத் தேர்வுக் குழு ஏற்கவில்லை. முந்திய நிதியில் கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்திருக்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும். செலவாகாத பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். எனவே மார்ச் 31-க்குள் எல்லாவற்றையும் செலவழித்துவிடுவதே நல்ல திட்ட நிர்வாகம் என்று ஆகிவிட்டது. ஓராண்டு கழித்து வேண்டியிருக்கும் எரிசோடாவுக்கு இந்த ஏற்பாட்டில் யார் பணம் தருவார்கள்?

சமையலர் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் மணிகளை எப்போது கழுவித் தருவீர்கள் என்று கேட்பார். கடைசியில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாமை அந்த ஊரிலேயே நடத்தி, முகாம் வேலைகளோடு இதையும் சேர்த்துச் செய்தோம். ஒரே கிராமத்தைத் தத்தெடுத்துத் தொடர்ந்து அங்கேயே வேலை செய்யலாம் என்பது நாட்டு நலப்பணித் திட்டத்தின் பெரிய பலம். அரை நூற்றாண்டுக்கு மேலாக அத்திட்டம் உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். ஆய்வுத் திட்ட நிதிகளுக்கு அந்தத் தொடர்ச்சி இல்லை. மாணவன் கல்லூரியை விட்டு வெளியேறியதும் திட்டமும் முடிந்துவிடுகிறது. ஊருக்கோ அப்போதுதான் அது தொடங்குகிறது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். ஊருக்குப் பயன்படும்படி ஒரு பொருளை அமைக்கும் எந்த மாணவர் திட்டத்துக்கும், நிதியில் மூன்றில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனியாக ஒதுக்க வேண்டும். அந்தப் பங்கை மாணவர் பெயரில் கொடுக்காமல், ஓராண்டு கழித்துக் கல்லூரித் துறையின் பெயரில் இரண்டாம் தவணையாகத் தனி ஆணையிட்டு விடுவிக்கலாம். அப்படிச் செய்தால் நிதியாண்டுக் கணக்குச் சிக்கலும் வராது. பொருள் இன்னும் இயங்குகிறதா, பழுதாகியிருந்தால் என்ன வேண்டும் என்று பள்ளித் தலைமையாசிரியரோ ஊராட்சியோ எழுதும் ஒரு பக்கக் கடிதம் அதற்குப் போதுமான ஆதாரம். பழைய திட்டத்தைப் பழுதுபார்த்து ஆராய்வதையும் புதுத் திட்டத்துக்கு இணையாக விண்ணப்பத்தில் ஏற்க வேண்டும். ஒரு கருவி மூன்றாம் ஆண்டில் ஏன் நின்றுபோகிறது என்று கண்டுபிடிக்கும் மாணவர், பத்துப் புதுக் கருவிகள் செய்யும் மாணவரைவிடக் குறைவாகக் கற்பதில்லை.

அந்த ஒதுக்கீட்டில் உள்ளூரில் பொறுப்பேற்பவருக்கு ஒரு சிறு ஊக்கத்தொகையும் இருக்கட்டும். தொட்டி ஆபரேட்டர், சத்துணவு அமைப்பாளர், மகளிர் சுய உதவிக் குழுவில் ஒருவர் என்று ஊரே ஆளைச் சொல்லும். நன்றி சொல்லித் துண்டு போர்த்துவதோடு நின்றுவிடாமல், அவர் பெயரையும் திட்ட அறிக்கையில் எழுதி, கையில் காசும் கொடுக்க வேண்டும்.

7,500 ரூபாயில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டால் 5,000 ரூபாய்தானே மிஞ்சும், அதில் என்ன செய்வது என்று பேராசிரிய நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தொகையை உயர்த்த வேண்டும் என்பதே என் முதல் பதில். உயர்த்த முடியாவிட்டால் திட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். ஊரில் எதையும் நிறுவாத, ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே முடிகிற திட்டங்களுக்கு இந்தப் பிடித்தம் தேவையில்லை. அவை இப்போது போலவே நடக்கட்டும். ஒரு பள்ளிக்குள், ஒரு தெருவுக்குள் போய் மக்கள் நம்பிக் குடிக்கிற தண்ணீரில் கை வைக்கும் திட்டங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். வேலை செய்யாத வடிகட்டி, வடிகட்டியே இல்லாததைவிட ஆபத்து. நல்ல தண்ணீர் என்று நம்பிப் பிள்ளைகள் குடித்துக்கொண்டே இருப்பார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். பெரும்பாலான கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டங்கள் முடியும் தறுவாயும் அதுதான். மாணவர்கள் தங்கள் அறிக்கையைத் துறைக் கருத்தரங்கில் படிப்பதற்கு முன் அந்தக் கிராம சபையில் படிக்கட்டும். பொருளை யார் பார்த்துக்கொள்வார், எப்போது கழுவ வேண்டும், பழுதானால் கல்லூரியில் யாரை அழைக்க வேண்டும் என்று தீர்மானப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், தலைவர் மாறினாலும் பேராசிரியர் மாறினாலும் அந்தத் தாள் ஊரில் இருக்கும். நாங்கள் இரண்டு முறை இப்படிச் செய்தோம். கேள்வி கேட்டவர்களில் பெண்களே அதிகம்.

இதற்குப் புதிய துறையோ புதிய சட்டமோ வேண்டாம். விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வியும் நிதி விடுவிப்பு விதிகளில் ஒரு பத்தியும் சேர்த்தால் போதும். நிதி வழங்கும் மன்றங்களும் பல்கலைக்கழகங்களும் அடுத்த கல்வியாண்டுக்கான அறிவிப்பை வெளியிடுமுன் இதைச் செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் இணைப் பேராசிரியை,
தருமபுரி மாவட்டம்.