பட்டனை மாற்ற விடுங்கள்: கடினமான கேம் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கேம் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. யாருக்கு எழுதியது என்று உங்களுக்கே தெரியும். இதே போலச் செய்யும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

போன வாரம் வந்த அப்டேட்டில் புதிய கவசம், புதிய ஆயுதம், புதிய பாஸ் (கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரி) எல்லாம் இருந்தன. கேம் வெளியான நாளிலிருந்து பலர் கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் இல்லை. எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்பதை ஆடுபவரே மாற்றிக்கொள்ள வேண்டும். அழுத்திப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஒருமுறை தட்டினால் ஆன், மறுமுறை தட்டினால் ஆஃப் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் கேட்டோம். கேம் கடினமாக இருப்பது திட்டமிட்டுச் செய்தது என்று உங்கள் வாடிக்கையாளர் சேவையிலிருந்து பதில் வந்தது. கடினத்தைக் குறைக்கச் சொல்லி நான் ஒரு வரிகூட எழுதவில்லையே.

ஒரு விபத்துக்குப் பிறகு என் வலது ஆள்காட்டி விரலுக்குப் பலம் குறைவு. தட்ட முடியும், அழுத்தியபடி வைத்திருக்க முடியாது. உங்கள் கேமில் துப்பாக்கிக்குச் சார்ஜ் ஏற்ற கன்ட்ரோலரில் வலது ஆள்காட்டி விரல் படும் ஆர்2 பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும், பிடித்தபடியே வட்டப் பட்டனைத் தட்டி, அடியிலிருந்து தப்ப உருள வேண்டும். இரண்டாவது பாஸின் கேடயத்தை உடைக்க வேறு வழியே வைக்கவில்லை நீங்கள். அவன் வலது தோளைத் தாழ்த்தினால் வெட்டு வரும், பின்வாங்கினால் ஏவுகணை வரும். எல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த நொடியில் உருள வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் சார்ஜ் முக்கால்வாசி ஏறும்போது விரல் நழுவிவிடும், குண்டு வீணாகும், வெட்டு விழும். நடுவிரலை வைத்தால் பிடி தளர்ந்து, கட்டைவிரல் வட்டப் பட்டனுக்கு எட்டுவதில்லை. கன்ட்ரோலரை மடியில் கிடத்தி இடது கையைக் குறுக்கே கொண்டுவந்தால் ஓடுவதற்கு விரல் இல்லை. சரி, கை வலிக்கிறதே, கொஞ்சம் நிறுத்தி நீவிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இணையம் இல்லாமல் தனியாக ஆடும்போதுகூட, மெனுவைத் திறந்தாலும் எதிரி அடித்துக்கொண்டேதான் இருக்கிறான்.

கன்சோலின் செட்டிங்ஸில் போய்ப் பட்டனை மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அங்கே மாற்றினால் எல்லா கேமுக்கும் சேர்ந்தே மாறிவிடுகிறது. திரையில் உங்கள் குறிப்பு இன்னும் பழைய பட்டனைத்தான் காட்டும். சண்டைக்கு நடுவே அதைப் பார்த்துக் கை தப்பாகப் போகும். அப்புறம், அழுத்திப் பிடிக்கும் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

இந்த வகை கேமைப் பிடிக்காதவன் எழுதும் கடிதம் இல்லை இது. 2017-இல் ஜெர்மனியின் டெக்13 நிறுவனம் உருவாக்கிய 'தி சர்ஜ்' எனக்கு மிகவும் பிடித்த கேம்களில் ஒன்று. கவசம் இல்லாத இடத்தில் அடித்தால் எதிரி சீக்கிரம் சாய்வான். ஆனால் கவசம் போட்ட கையை வெட்டி எடுத்தால்தான் அந்தக் கவசத்தைச் செய்துகொள்ளும் வரைபடம் நமக்குக் கிடைக்கும். செத்துப்போனால் சேர்த்த ஸ்கிராப் (அந்த கேமில் காசு போலச் செலவழிக்கும் பழைய இரும்பு) முழுக்க விழுந்த இடத்தில் கிடக்கும், அதை எடுக்கவும் கெடு ஓடிக்கொண்டிருக்கும். 'மெட்பே' என்னும் பாதுகாப்பான அறைக்குத் திரும்பிப் பத்திரப்படுத்தலாமா, இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று மனசு கிடந்து தவிக்கும். அந்தத் தவிப்பு எனக்கு வேண்டும். அதைக் குறைக்காதீர்கள்.

அந்த கேமின் நாயகன் வாரன் முதலில் வருவதே சக்கர நாற்காலியில்தான். ரயிலை விட்டு அவனை நாமே உருட்டிக்கொண்டு இறங்குகிறோம். எக்ஸோ கவசம் என்னும் இயந்திரச் சட்டகம் உடம்பில் பூட்டப்பட்ட பிறகுதான் அவன் எழுந்து நடக்கிறான். உங்கள் நாயகிக்கும் ஒரு கை இயந்திரக் கை. டிரெய்லர் முழுக்க அந்தக் கையைத்தான் காட்டினீர்கள். கை போனவளை நாயகியாக்கத் தெரிந்த உங்களுக்கு, கை சரியில்லாதவர்களும் அவளாக ஆட வருவார்கள் என்று தோன்றவே இல்லையா?

மற்றவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. 2019-இல் வந்த 'ஜெடை: ஃபாலன் ஆர்டர்' அடியைத் தடுக்கக் கிடைக்கும் நேரம், விழும் அடி, எதிரியின் மூர்க்கம் மூன்றும் எந்தக் கடின நிலையில் எவ்வளவு என்று மெனுவிலேயே காட்டியது. 2020-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' மாற்றுத்திறனாளிகளும் ஆட உதவும் அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது. கடினத்துக்குப் பேர்போன 'லைஸ் ஆஃப் பி' கூட 2025-இல், கடினம் எவ்வளவு என்று ஆடுபவரே தேர்ந்தெடுக்கும் வசதியைச் சேர்த்தது. நான் அந்த அளவுக்குக்கூடக் கேட்கவில்லை. பட்டனை மாற்ற விடுங்கள் என்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கென மைக்ரோசாஃப்ட் 2018-இலும் சோனி 2023-இலும் தனிக் கன்ட்ரோலரே கொண்டுவந்துவிட்டன. மெனுவில் ஒரு வரி சேர்த்தால் தீர்கிற விஷயத்துக்கு, ஏறக்குறைய ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்து கேமை வாங்கிய ஒருவர் அதற்கு மேலும் செலவழித்துக் கருவி வாங்க வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்படி யாராவது கேட்டால், ஆடத் தெரியாவிட்டால் ஓடிப்போ என்று ஒரு கூட்டம் பாய்கிறது. உங்கள் சொந்தப் பக்கங்களிலேயே இது நடக்கிறது, நீங்கள் வாயே திறப்பதில்லை. கடினம் என்பது உங்களுக்கு விளம்பர வாசகமாகிவிட்டது. அதற்காக வலியோடு ஆடுகிறவர்கள் கேலிக்கு ஆளாவதை வேடிக்கை பார்ப்பது முறையில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். தயவுசெய்து அடுத்த அப்டேட்டில் மூன்றைச் சேர்த்துத் தாருங்கள்: பட்டனை மாற்றும் வசதி, பிடிப்பதற்குப் பதில் தட்டும் வசதி, தனியாக ஆடும்போது நிறுத்தி வைக்கும் வசதி. பாஸின் அடியில் ஒரு துளியும் குறைக்க வேண்டாம். வெளியிடும் முன் சோதித்துப் பார்க்க ஆள் தேவைப்பட்டால் நான் தயார். கேள்வியைப் படித்துவிட்டு எழுதிய ஒரு பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கேமைக் காசு கொடுத்து வாங்கிய ஒருவன்