ரிச்சர்ட் ஹால் வாரிக் கொட்டிய மண்

அன்புள்ள சுந்தரம்,

நலம். பெரியவளுக்கு வரன் அமைந்ததாக ராகவன் போனில் சொன்னான். தேதி குறித்ததும் முதலில் எனக்குச் சொல்லு. மூட்டுவலிக்குத் தைலத்தையே நம்பிக்கொண்டிருக்காதே, டாக்டரைப் பார்.

எழுத வந்த சங்கதி வேறு. மகன் ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் இருக்கிறானே, அவன் என்னை கிரேட் ஜிம்பாப்வே என்ற பழைய கல் நகரத்தின் இடிபாடுகளுக்குக் கூட்டிப் போனான். மஸ்விங்கோ பக்கம், சுமார் 80 மீட்டர் உயரமான கருங்கல் குன்று. பழைய ஏறுபாதையில் பாறை இடுக்குகளில் உடம்பை ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். நம்ம மாணிக்கம் வந்திருந்தால் கீழேயே உட்கார வைத்திருப்போம். மேலே போனால் பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. சாந்து கிடையாது. வெயிலும் குளிரும் பட்டுப் பாறை ஏடு ஏடாக உரிகிறது. அதைச் செங்கல் அளவுக்கு உடைத்து, வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கிறார்கள். கீழே உள்ள பெரிய வளாகத்தின் வெளிச்சுவர் 250 மீட்டர் சுற்றளவு, உயரம் சில இடங்களில் 11 மீட்டர்!

11-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை ஷோனா மக்களின் முன்னோர் வாழ்ந்த ஊர் இது. மாடும் தங்கமும் அவர்கள் செல்வம். சீனப் பீங்கானும், நம் நாட்டுக் கண்ணாடி மணிகளும், கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைத் துறைமுகமான கில்வாவின் சுல்தான் காசு ஒன்றும் இங்கே கிடைத்திருக்கின்றன.

ஆனால் இதை ஆப்பிரிக்கர் கட்டினார்கள் என்பதை ஏற்க வெள்ளைக்காரர்களுக்கு மனம் வரவில்லை. 1871-இல் வந்த ஜெர்மன் பயணி கார்ல் மௌக், வாசல் உத்தரத்துச் சிராய் தன் தேவதாரு பென்சில் கட்டை மாதிரி இருக்கிறது, எனவே லெபனான் தேவதாரு, எனவே பைபிளில் வரும் ஷேபா ராணியின் அரண்மனை என்று முடிவு கட்டினார். அதையாவது மறுத்துவிடலாம். ரிச்சர்ட் ஹால் செய்ததை என்ன செய்வது? இந்த இடத்தைப் பாதுகாக்கத்தான் அவரை நியமித்தார்கள். 1902-இலிருந்து இரண்டு வருடம், பின்னால் வந்த ஆப்பிரிக்கரின் குப்பை என்று சொல்லி, மண்ணடுக்குகளை வாரி வெளியே கொட்டிவிட்டார்.

சுந்தரம், அந்தக் குப்பைதானடா ஊர்! அடுப்புச் சாம்பல், பானை ஓடு, மாட்டெலும்பு, மிதித்து மிதித்து இறுகிய களிமண் தரை. எந்தச் சுவர் எந்தத் தலைமுறையுடையது என்று வேறு எதை வைத்துச் சொல்வது? 1905-இல் மெக்கைவர் என்ற தொல்லியலாளர் வந்து ஆப்பிரிக்கர் கட்டியதுதான் என்றார். 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்ற தொல்லியலாளர், மண் கலையாத இடமாகத் தேடித் தோண்டி அதையே நிரூபித்தார். அப்புறமும் ரொடீசிய அரசு (அப்போது இந்த நாட்டை ஆண்ட வெள்ளையர் அரசு) ஒப்பவில்லை. உண்மையைச் சொன்ன தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970-இல் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. 1980-இல் சுதந்திரம் வந்ததும் நாட்டுக்கே இந்த இடத்தின் பேரை வைத்தார்கள். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கொட்டிய மண்ணை இன்றைக்குச் சலித்தால் மணியும் ஓடும் கிடைக்கும். எது எந்த அடுக்கில் இருந்தது என்பதை மீட்க வழி உண்டா? நீ வாழ்நாளெல்லாம் அகழாய்வுக் குழிக்குள் நின்றவன். விவரமாக எழுது. போட்டோக்களை மகன் அனுப்புவான்.

உன்,
கோபால்