அடிவாங்குகிறவர் மீது கேமராவை வையுங்கள்

ஆக்‌ஷன் படம் எடுக்கும் இயக்குநர்களுக்கும் படத்தொகுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஒரே ஆள் முப்பது பேரைப் புரட்டி எடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபனையே கிடையாது. நாயகன் அந்தரத்தில் சுழன்று உதைக்கட்டும், நியான் வெளிச்சத்தில் கோட்டு கசங்காமல் சண்டை போடட்டும். அது அந்தப் படத்தின் உலகம். டிக்கெட் வாங்கும்போதே அதற்குத் தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். உறுத்துவது ஒன்றே ஒன்றுதான்: அத்தனை அடி விழுந்தும் யாருக்கும் வலிப்பதாகத் தெரியவில்லை.

நாயகனின் கை எதிராளியின் முகத்தைத் தொடுவதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? குத்து முகத்துக்கு முன்னால் கடந்து போகிறது. கேமரா ஒருவரின் தோளுக்குப் பின்னால் இருப்பதால் நடுவில் உள்ள இடைவெளி ஃப்ரேமில் தெரிவதில்லை. அதற்குப் பிறகு எல்லாமே வாங்குகிற ஸ்டண்ட் கலைஞரின் கையில். தலை எந்தக் கணத்தில் திரும்புகிறது, கால் எப்போது தடுமாறுகிறது, மூச்சு எங்கே அடைக்கிறது என்பதை வைத்துத்தான் குத்தின் கனத்தை நாங்கள் எடை போடுகிறோம். ஒரு கண்ணிமை நேரம் முந்திவிட்டால் மொத்தமும் கேலிக்கூத்து. வயிற்றில் குத்து வாங்கியவர் மடங்கத்தான் செய்வார். அவரை ரோப் கட்டிப் பத்தடி பின்னால் பறக்கவிட்டால், கணினியில் ரோப்பை அழித்தாலும் எங்கள் மனசு அதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

இப்படி உழைத்து வாங்கிய அடியை எடிட்டிங்கில் என்ன பாடு படுத்துகிறீர்கள்! கை ஓங்கினால் ஒரு கட், பட்டால் ஒரு கட், விழுமுன் இன்னொரு கட். போதாததற்குக் கேமரா குலுக்கல் வேறு. நடிகருக்குப் பயிற்சி போதவில்லை என்பதை மறைக்கத்தானே இத்தனையும்? ஜாக்கி சான் தன் ஹாங்காங் படங்களில் நேர்மாறாகச் செய்தார். அடி படும் இடத்தில் கோணம் மாறும்போது, அடுத்த ஷாட்டைச் சில ஃப்ரேம் பின்னாலிருந்து தொடங்குவார். அடி இரண்டு முறை திரையில் வரும். பார்க்கிறவனுக்கு ஒரே அடியாக, பலமானதாகப் படும்.

2003-இல் வந்த தென்கொரியப் படமான ‘ஓல்ட்பாய்’ தாழ்வாரச் சண்டையையும் பாருங்கள். கட் இல்லாத ஒரே ஷாட். அதுவும் பக்கவாட்டில், இடைவெளியை மறைக்க வழியே இல்லாத கோணத்தில். அப்படியும் நம்புகிறோம். காரணம், அங்கே எல்லோரும் களைக்கிறார்கள். நாயகன் மூச்சு வாங்குகிறான். விழுந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்கள், நிற்பவர்கள் கிட்டே வரத் தயங்குகிறார்கள். ஒவ்வொருவராக வரிசையில் வந்து உதை வாங்கும் அந்தப் பழைய அபத்தத்துக்கு இந்தத் தயக்கமே போதுமான காரணமாகிவிடுகிறது.

2014-இல் ‘ஜான் விக்’ படத்தை இயக்கிய சாட் ஸ்டஹெல்ஸ்கி, 1999-இல் ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தில் கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். ‘ஜான் விக்’கில் நாயகன் ஒருவனைத் தரையில் அமுக்கிப் பிடித்தபடி இன்னொருவனைச் சுடும்போது, கீழே கிடப்பவன் சும்மா கிடப்பதில்லை, திமிறிக்கொண்டே இருக்கிறான். துப்பாக்கியில் குண்டு தீர்ந்தால் மாற்ற வேண்டியிருக்கிறது. அடிவாங்கிப் பிழைத்தவருக்குத்தான் இதெல்லாம் தோன்றும் என்பது என் கணிப்பு.

ஒலியைப் பற்றி ஒரே வார்த்தை: எலும்பில் பட்டதற்கும் சதையில் பட்டதற்கும் அதே ‘டிஷ்யூம்’ போடாதீர்கள்.

ஸ்டண்ட் குழு ஒத்திகையிலேயே அட்டைப்பெட்டிகளைச் சுவராக அடுக்கி, சண்டை முழுவதையும் வீடியோவாக எடுத்துத் தொகுத்துக் காட்டுகிறதே, அந்த அறைக்குப் படத்தொகுப்பாளரையும் அழைத்துப் போங்கள். எந்த ரியாக்‌ஷனை வெட்டக் கூடாது என்று அங்கேயே முடிவாகட்டும். நாயகனுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுப்பது நல்லதுதான். அவரிடம் உதை வாங்கப் போகிறவர்களையும் அதே நாட்களில் சம்பளத்தோடு கூடவே வைத்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்பன்று காலையில் வந்து இறங்குகிற ஆளிடம் டைமிங்கை எதிர்பார்க்க முடியாது.

2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டண்ட் வடிவமைப்புக்கும் ஆஸ்கர் உண்டு என்று அகாடமி 2025-இல் அறிவித்திருக்கிறது. வடிவமைத்தவர் மேடை ஏறட்டும். விழுந்தவர்களின் பெயர்களைப் படத்தின் கடைசியில் பொடி எழுத்தில் ஓடவிடாமல், நாங்கள் எழுந்து போவதற்குள் படிக்கும்படி போடுங்கள்.

இப்படிக்கு,
முன்வரிசை ரசிகன் ஒருவன்