பாதி முட்டையும் ஐம்பது ரூபாயும்: உணவுப்படியை முடிவு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு விடுதி மாணவர்களின் உணவுப்படியை முடிவு செய்யும் இடத்தில் இருக்கும் ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். அரசுக் கல்லூரியில் இளங்கலை வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். தங்கியிருப்பது அரசு விடுதியில். என் சாப்பாட்டுக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் தொகை உங்களுக்குத் தெரியும். கல்லூரி விடுதிக்கு மாதம் 1,500 ரூபாய், நாளுக்கு 50. பள்ளி விடுதித் தங்கைகளுக்கு மாதம் 1,400, நாளுக்கு 47கூட வராது. காலை டிபன், மதியச் சோறு, சாயங்காலச் சுண்டல், ராத்திரிச் சாப்பாடு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். 2023-ல் 1,100 ஆக இருந்ததை 1,500 ஆக்கினீர்கள். அன்றைக்கு இந்த விடுதியில் இருந்த அக்காக்கள் கைதட்டியதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நன்றியில் குறை இல்லை.

சென்ற வாரம் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். முட்டை சில நாளாகப் பாதியாக வருகிறது என்று அவரிடம் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "ஐம்பது ரூபாய்ல இதுக்கு மேல என்னம்மா எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்று ராத்திரி எங்கள் அறையில் அவரைத் திட்டாதவர்கள் இல்லை. எனக்குத் திட்டத் தோன்றவில்லை. மனிதர் சரியாகத்தானே சொன்னார்? அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாதுதான். அதனால்தான் அவருக்கு எழுதாமல், அந்த ஐம்பதை நிர்ணயித்த உங்களுக்கு எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று: விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்ட அரசு ஊழியர்களுக்குத் தரும் அகவிலைப்படி உயரும்போதெல்லாம் எங்கள் உணவுப்படியும் கூடவே உயர வேண்டும். நாங்கள் மனுக் கொடுத்து, யாரோ மனமிரங்கி, தேர்தல் பக்கத்தில் வந்து, அப்புறம் உயர்வதாக இருக்கக் கூடாது.

ஐம்பது ரூபாயை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அரிசியை விட்டுவிட்டேன், கேஸையும் விட்டுவிட்டேன். அவை வேறு கணக்கில் வருவதாகவே இருக்கட்டும். நாமக்கல்லில் முட்டையின் பண்ணை விலையே 2025 கடைசியில் ஆறு ரூபாயைத் தாண்டிவிட்டது, எங்கள் தெருக் கடையில் ஏழு. சாம்பாருக்கும் கூட்டுக்குமாகத் துவரம் பருப்பு 60 கிராம், ஏழு ரூபாய். இட்லி மாவுக்கு உளுந்து மூன்று. காய் 200 கிராம், கிலோ ஐம்பது என்று வைத்தாலே பத்து. எண்ணெய் நான்கு. டீக்கு ஆவின் நீலப் பாக்கெட்டிலிருந்து 100 மில்லி, நான்கு. சர்க்கரையும் டீத்தூளும் இரண்டு. புளி, மிளகாய், மல்லி, உப்பு, கடுகு எல்லாம் சேர்த்து நான்கு. சுண்டல் மூன்று. சட்னிக்குத் தேங்காய்க் கீற்று மூன்று. கூட்டினால் நாற்பத்தேழு வருகிறது.

பார்த்தீர்களா, இடிக்கவே இல்லை! மூன்று ரூபாய் மிச்சம்கூட இருக்கிறது. ஒரு வாழைப்பழத்துக்கு அது போதாது என்பது வேறு விஷயம். இந்தக் கணக்கில் மோர் இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் கோழி இல்லை, அழுகிப்போன தக்காளி இல்லை, மழைக்காலத்தில் காய் விலை ஏறுவது இல்லை. பள்ளி விடுதித் தங்கைக்கு அந்த மூன்று ரூபாயும் கிடையாது. அவள் கணக்கு எழுதும்போதே இடித்துவிடும்.

விலை ஏறினால் எங்கள் சமையலக்கா என்ன செய்வார்? அரிசியில் கை வைக்க மாட்டார், பிள்ளைகள் பசியோடு எழுந்துவிடக் கூடாதே என்று. முட்டையைப் பாதியாக வெட்டுவார். சாம்பாரில் தண்ணீர் ஏறும். கூட்டு போய் அப்பளம் வரும், அப்பளம் போய் ஊறுகாய் வரும். சோறு மட்டும் தட்டில் குறையாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வயிறார சாப்பிட்டுவிட்டு எழுந்து போவதுபோலத்தான் தெரியும். நாங்கள் படிக்கும் கல்லூரியில் மருத்துவ முகாம் போட்டு, ரத்தம் குறைவு என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் விடுதிப் பிள்ளைகள். மாத்திரை இலவசம், அதற்கும் நன்றி. ஆனால் ஒட்டிய வயிற்றில் போட்டால் அது குமட்டுகிறது. வகுப்பின் நடுவே எழுந்து ஓட வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்களால் பொறுக்க முடியாதது மதியம்.

விடுதியிலிருந்து கல்லூரி ஒன்பது கிலோமீட்டர். ஏழே முக்கால் பஸ்ஸை விட்டால் முதல் வகுப்பு போச்சு. தொண்ணூறு பேருக்கு ஒரே ஒரு சமையலக்கா, ஓர் உதவியாளர். அந்த நேரத்துக்குள் டிபனும் மதியச் சாப்பாடும் என்று இரண்டு சமையல் நடக்கிற காரியம் இல்லை. ஆகவே காலையில் எது வெந்ததோ அதுவே மதியத்துக்கும். தக்காளி சாதம் என்றால் தட்டிலும் தக்காளி சாதம், டப்பாவிலும் தக்காளி சாதம். சூட்டோடு அடைத்து மூடி, கூட்டமான பஸ்ஸில் நசுங்கி, வகுப்பு மூலையில் ஐந்து மணி நேரம் இருந்து, ஒரு மணிக்குத் திறக்கும்போது மூடியின் உட்புறம் வேர்த்திருக்கும். மார்கழியில் தாங்கும். பங்குனி, சித்திரையில் திறந்த உடனேயே வாசனை தெரிந்துவிடும். முதலாண்டுப் பிள்ளைகள் அதையும் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வகுப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாம் ஆண்டுக்கு வந்ததும் டப்பா எடுத்துப் போவதையே நிறுத்திவிடுவார்கள். தோழிகள் கேட்டால், "காலைல நல்லா சாப்பிட்டுட்டேன்பா" என்பார்கள். வீட்டிலிருந்து வருகிற பெண்ணின் டப்பாவில் கீரையும் வறுவலும் இருக்கும். அவள் நல்ல பெண்தான், எடுத்துக்கோ என்று நீட்டுவாள். ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம். தினமும் எப்படி எடுப்பது? அதனால் ஒரு மணிக்கு எங்களில் பலருக்கு நூலகத்தில் வேலை வந்துவிடுகிறது. கல்லூரியில் ரொம்பப் படிக்கிற பிள்ளைகள் என்று எங்களுக்குப் பெயர் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடையில் சாப்பிடலாமே என்பீர்கள். கல்லூரி வாசலில் அளவு சாப்பாடு எழுபது ரூபாய். எனக்கு ஒரு நாள் முழுவதற்கும் நீங்கள் தருவது ஐம்பது. வடையும் டீயும் இருபத்திரண்டு. சென்னையில் விடுதியில் இருக்கும் என் ஊர்ப் பெண், அம்மா உணவகத்தில் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதமும் வாங்கிச் சமாளிக்கிறாள். 2013-ல் தொடங்கிய விலை, இன்னும் அதே விலை. அவளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. நாங்கள் இருக்கும் சின்ன ஊரில் அது கிடையாது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வருகிறதே என்று அடுத்த கேள்வி வரும். வருகிறது. ரெக்கார்டு நோட்டு, நாப்கின், தேர்வுக் கட்டணம், போன் ரீசார்ஜ், ஊருக்குப் போய் வரும் செலவு. மிச்சத்தை அம்மா கேட்காமல் இருந்தால் கையில் நிற்கும். படிப்புக்குக் கொடுத்த பணத்தில் மதியச் சோற்றையும் பார்த்துக்கொள் என்பது உங்கள் எண்ணமாக இருந்தால், அதையும் அரசாணையிலேயே எழுதிவிடலாம்.

இந்த மாநிலம் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கதையை நாங்கள் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள். 1956-ல் காமராசர், 1982-ல் எம்.ஜி.ஆர்., 2022-ல் காலை உணவு. நானே அந்தச் சத்துணவில் வளர்ந்தவள். பத்தாம் வகுப்பு வரை மதியம் சுடச்சுடச் சோறும் முழு முட்டையும் சாப்பிட்டேன். முழு முட்டை, ஐயா. பதினைந்து வயது வரை முழுதாக இருந்தது, இருபது வயதில் ஏன் பாதியாகிறது? படிக்கப் படிக்கப் பசி குறையும் என்று ஏதாவது ஆய்வு உண்டா?

2025 ஜூலையில் எங்கள் விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தீர்கள். நல்ல பெயர். சாதிப் பெயரைச் சுமந்த பலகைக்குக் கீழே நுழைவது எங்களுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது, இது உண்மையாகவே ஒரு மாற்றம். பலகை பெரிதாக இருக்கிறது, எழுத்தும் பளிச்சென்று இருக்கிறது. பெயிண்ட் செலவு மட்டும் எங்கள் ஐம்பது ரூபாயிலிருந்து போகவில்லை என்று நம்புகிறேன்.

மன்னிக்கவும். கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன். 2011-ல் நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய் செலவழிக்க முடிந்தவர் ஏழை அல்ல என்று திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் சொன்னபோது நாடே கொதித்தது என்று பேராசிரியர் வகுப்பில் சொன்னார். அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். விடுதிப் பிள்ளைகள் நாலு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். எங்கள் படி உயர்ந்த 2023-ல், ஜூலை மாதத்தில் அரசு ஊழியர்களின் அகவிலைப்படி 46 விழுக்காடு. அதற்குப் பிறகு 50, 53, 55 என்று ஏறி, 2025 ஜூலைக்கு 58 ஆகிவிட்டது. நான்கு முறை உயர்வு. விலைவாசி ஏறுகிறது என்பதை அரசே இரண்டு ஆண்டில் நான்கு முறை ஒப்புக்கொண்டிருக்கிறது என்றுதானே இதற்குப் பொருள்? அந்த உயர்வை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வார்டன் மேடத்துக்கும் அது வருகிறது, வரட்டும். உணவுப்படித் தொகை வரத் தாமதமாகும் மாதங்களில் மளிகைக் கடைக்காரரிடம் தன் பெயரில் கடன் சொல்லி எங்கள் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்கிறவர் அவர். அவர் வாங்குகிற அதே கடையில்தான் எங்கள் பருப்பும் வாங்கப்படுகிறது. கடைக்காரர் ஊழியருக்கு ஒரு விலை, மாணவிக்கு ஒரு விலை என்று வைத்திருக்கவில்லை.

நூறு ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு 146 வாங்கிய ஊழியர் இப்போது 158 வாங்குகிறார்; அதே விகிதத்தில் எங்கள் 1,500-ஐ உயர்த்தினால் எவ்வளவு ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். சுமார் 1,623. நாளுக்கு நாலு ரூபாய்தான் கூடுகிறது. இவ்வளவு நீளமாக எழுதிவிட்டு நாலு ரூபாயா கேட்கிறாள் என்று உங்களுக்குத் தோன்றலாம். வெட்டி எடுத்த அரை முட்டையின் விலை மூன்றரை. ஐம்பதே குறைவு, அடிப்படைத் தொகையையே மாற்ற வேண்டும், கல்லூரிப் பிள்ளைகளுக்கு மதியச் சோற்றுக்குத் தனியாக ஒரு வழி வேண்டும் என்பதெல்லாம் உண்மை. அவற்றுக்குக் குழு போட்டு, அறிக்கை வாங்கி, நிதி ஒதுக்கி நீங்கள் நிதானமாகச் செய்யுங்கள். அதுவரை, கொடுத்த ஐம்பது ஒவ்வோர் ஆண்டும் தேய்ந்துகொண்டே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அகவிலைப்படியோடு உணவுப்படியை இணைக்க ஓர் அரசாணை போதும்.

கூடவே இன்னொன்றும் முடிந்தால் பாருங்கள். ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறீர்கள். எங்கள் சமையலறைக்கு அவை வெளிச்சந்தை விலையில்தான் வருகின்றன. அதே ரேஷன் விலையில் விடுதிக்கும் கொடுத்தால், அதே ஐம்பதில் பருப்புச் செலவு ஏழு ரூபாயிலிருந்து இரண்டாக இறங்கும். மிச்சமாகும் ஐந்து ரூபாய்க்கு என்ன செய்வது என்று எங்கள் சமையலக்காவிடம் ஏற்கெனவே பட்டியல் இருக்கிறது. முதலில் மோர்.

அடுத்த அகவிலைப்படி அறிவிப்பு எப்படியும் சில மாதங்களில் வரும். நான் அதற்குள் தேர்வு எழுதிவிட்டு விடுதியைக் காலி செய்துகொண்டிருப்பேன், எனவே இது எனக்காகக் கேட்பது அல்ல. அந்தக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, விடுதி உணவுப்படிக்கும் இதே விகிதம் பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பள்ளி விடுதிகளையும் சேர்த்து எழுதுங்கள். அவர்களுக்கு 1,400தான்.

இப்படிக்கு,
அரசு விடுதி மாணவி ஒருத்தி