அந்த ஆறு மினிட்ஸ் நோட்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தேசிய அஞ்சல் தினத்தையொட்டி உங்கள் இதழில் வந்த தபால்காரர் கட்டுரையைப் படித்தேன். சைக்கிள் மணி, சிவப்புப் பெட்டி, மணியார்டர் நாளில் வாசலில் காத்திருக்கும் பாட்டி எல்லாம் வந்திருந்தது. 34 வருடம் பீட், அதாவது தபால் கொடுக்கும் தெருக்கள், சுற்றியவன் என்பதால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்று விட்டுப்போயிற்று. அந்தத் தபால்காரருக்கு ஒரு சங்கம் இருந்தது. காலையில் பை தூக்கி டெலிவரிக்குப் போன இன்னொரு தபால்காரர்தான் சாயங்காலம் அந்தச் சங்கத்தை நடத்தினார். அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

எங்கள் அஞ்சல் கோட்டத்தின் சங்கச் செயலாளரைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்து இரண்டே வருடத்தில் 1968 செப்டம்பர் 19 வந்தது. தேவைக்கேற்ற குறைந்தபட்ச ஊதியம் கேட்டு மத்திய அரசு ஊழியர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்த நாள். அவசரச் சட்டம் போட்டார்கள், நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்களைக் கைது செய்தார்கள். இவரை சஸ்பெண்ட் செய்தார்கள். அப்போது அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் தயங்கியபோது மணப்பெண்ணான அந்த அக்கா, "திருடியா வேலை போச்சு?" என்று கேட்டாராம். அப்புறம் யாரும் எதுவும் பேசவில்லை.

நான் 1979இல் சேர்ந்தேன். சங்கச் சந்தா ரசீது கொடுத்த கையோடு செயலாளர் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போய் 1946 ஜூலை 11 கதையைச் சொன்னார். தபால்காரர்களும் கடைநிலை ஊழியர்களும் தொடங்கிய அந்த வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக, அதே மாதம் 29ஆம் தேதி கல்கத்தா நகரமே நின்றுபோனது. 1960இல் நடந்த ஐந்து நாள் வேலைநிறுத்தத்தையும் சொன்னார். "இதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை பேசுறதுக்குத் தம்பி, மத்த நாளெல்லாம் ரூல் புக்தான்" என்றார்.

அதை நான் கண்ணால் பார்த்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் சோதனைக்கு வந்த ஓவர்சியர் பணத்தை எண்ணியபோது 75 ரூபாய் குறைந்தது. அங்கிருந்த போஸ்ட்மாஸ்டர் ஒரு இ.டி. ஊழியர், அதாவது இலாகாவின் முழுநேர ஊழியர் அல்ல. இன்று ஜி.டி.எஸ். (கிராமின் டாக் சேவக்) என்கிறோமே, அவர்கள்தான். அவரை 'புட் ஆஃப்' செய்துவிட்டார்கள், அதாவது வேலைக்கு வராதே என்று நிறுத்திவைத்தார்கள். இலாகா ஊழியரை சஸ்பெண்ட் செய்தால் பாதிச் சம்பளமாவது வரும். இ.டி. ஊழியருக்கு அப்போது புட் ஆஃப் காலத்தில் ஒரு காசு கிடையாது.

செயலாளரும் நானும் சைக்கிளில் போனோம். நடந்தது இதுதான். படுக்கையில் கிடந்த ஒரு மூதாட்டியின் வீட்டுக்கே போய் அந்தப் போஸ்ட்மாஸ்டர் மணியார்டர் பணம் கொடுத்திருக்கிறார். கைநாட்டு வாங்கிய படிவம் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது, கணக்கில் ஏறவில்லை. செயலாளர் அந்தப் பாட்டியின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கினார். 1977இல் சுப்ரீம் கோர்ட் ராஜம்மா வழக்கில் சொன்னதையும், அதாவது இ.டி. ஊழியர் வகிப்பதும் அரசுப் பதவிதான், விசாரிக்காமல் நீக்க முடியாது என்பதையும், இலாகாவுக்கு எழுதிய பதிலில் சேர்த்தார். ஏழு மாதம் கழித்து புட் ஆஃப் ஆர்டர் ரத்தானது.

அந்த ஏழு மாதமும் எங்களிடம் ஆளுக்குப் பத்து ரூபாய் வாங்கி அந்தக் குடும்பத்துக்கு மணியார்டர் அனுப்பினார். தகவல் எழுதும் இடத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரே வரி: "சங்கத்தின் பணம். கடன் அல்ல."

இவர் எழுத்தர் தேர்வு எழுதியிருந்தால் சுலபமாகத் தேறியிருப்பார். எழுதவில்லை. எழுத்தரானால் வேறு சங்கத்துக்குப் போக வேண்டும், தபால்காரர் சங்கத்தில் நீடிக்க முடியாது. கடைசி நாள் வரை தபால்காரராகவே இருந்து ஓய்வுபெற்றார். குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை பென்ஷன் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும்.

2018 மே 22இல் ஜி.டி.எஸ். தோழர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது முழங்கால் வலியோடு பந்தலுக்கு வந்து உட்கார்ந்தார். 16 நாள் நடந்தது. மாதம் 2,295 ரூபாயை அடிப்படையாக வைத்து வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது 10,000 ஆனது. அன்று அந்த மனிதர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. பென்ஷன் மட்டும் அவர்களுக்கு மற்ற ஊழியர்களைப் போல இன்னும் வரவில்லை.

2023 ஏப்ரலில், அஞ்சல் சங்கங்களின் கூட்டமைப்பான அஞ்சல் ஊழியர் சம்மேளனத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். விவசாயிகள் போராட்டத்துக்கு நிதி கொடுத்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த நிதி 30,000 ரூபாய் அளவுதான். எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது, இன்றும் படுகிறது. 1993 விதிப்படி ஒரு சங்கம் அங்கீகாரம் பெறவே, பொதுவாக அந்தப் பிரிவு ஊழியர்களில் 35 சதவீதம் பேர் சம்பளத்தில் சந்தா பிடிக்க எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவங்களை ஊர் ஊராகச் சைக்கிளில் போய் வாங்கிச் சேர்த்தவர்கள் இவரைப் போன்றவர்கள். அங்கீகாரம் போனால் மேலதிகாரியிடம் உட்கார்ந்து பேசும் உரிமையும் போகிறது. 75 ரூபாய்க்கு வேலை போகிற ஒருவருக்காக யார் போய்ப் பேசுவது?

அவர் போன வருடம் காலமானார். அக்கா என்னைக் கூப்பிட்டு, சங்கக் கூட்டங்களின் தீர்மானங்களை அவர் எழுதிவைத்த ஆறு மினிட்ஸ் நோட்டுகளைக் கொடுத்தார். மழைக்கோட்டு கேட்டு மட்டும் எட்டுத் தீர்மானங்கள் இருக்கின்றன. கோடையில் தபால் பிரிக்கும் சார்ட்டிங் அறைக்குக் குடிதண்ணீர்ப் பானை கேட்டு ஒன்று. பானை வந்த தேதியையும் சிவப்பு மையில் குறித்திருக்கிறார்.

அடுத்த அக்டோபரில் தபால்காரர் பற்றி நீங்கள் மறுபடி எழுதும்போது, இந்த நோட்டுகளிலிருந்து இரண்டு பக்கமாவது போடுங்கள். பிரதி எடுத்து அனுப்புகிறேன். மற்ற கோட்டங்களில் இப்படி நோட்டு வைத்திருப்பவர்களும் பழைய பேப்பருக்குப் போடாமல் உங்களுக்கு எழுதட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்