போட்டோ எடிற்றிங் பழகிற பிள்ளையளுக்கு விலை கூடின சொப்ட்வெயார் என்னத்துக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்,

ஓஎல் சோதினை முடிச்ச பிள்ளையள் கணக்கப்பேர் இப்ப போட்டோ எடிற்றிங் பழகப் போகினம், நல்ல விசயம், ஆனா சில கிளாசுகளிலை சேரேக்கையே போட்டோசொப் முழு வேர்சன் இல்லாட்டி வேலை கிடையாது எண்டு சொல்லிவிடுகினம். பிறகு ஒண்டில் தாய் தேப்பன் மாதாமாதம் டொலர் கட்டவேணும், இல்லாட்டி ஆரோ பென்டிரைவிலை குடுக்கிற கிராக் கொப்பியை, அதாவது காசு கட்டாமல் பூட்டுடைச்ச களவுக் கொப்பியைப் போடவேணும். ரெண்டும் தேவையில்லை எண்டு சொல்லத்தான் எழுதிறன்.

முந்தி போட்டோசொப்பை ஒருக்கா வாங்கினா காணும். 2012இலை வந்த சிஎஸ்6 வேர்சன்தான் அப்பிடி வித்த கடைசிப் போட்டோசொப், 2013இலயிருந்து சந்தா. மாதம் 10 டொலருக்கு இருந்த சின்ன பிளானையும் 2025 ஜனவரியோட புதுசாச் சேருற ஆக்களுக்கு நிப்பாட்டிப்போட்டினம். 2022இலை 200 ரூபா மட்டிலை நிண்ட டொலர் ரெண்டு மூண்டு மாதத்துக்குள்ள 360ஐத் தாண்டினது எல்லாருக்கும் தெரியும், டொலர்ச் சந்தாவை நம்பித் தொழில் செய்தவை அப்ப என்ன பாடுபட்டிருப்பினம்?

நான் நல்லூரிலை ஸ்ரூடியோ வைச்சிருக்கிறன். இஞ்சை வாற வேலை பாஸ்போட் சைஸ் படம், கலியாண வீட்டு, சாமத்திய வீட்டு அல்பம், அந்தியேட்டிச் சடங்குக்குச் செத்தவரின்ரை நினைவா அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்குப் படம். இதுக்குள்ள கல்வெட்டுப் படம்தான் உண்மையான கைவேலை. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோட அல்பமெல்லாம் போன வீடுகளிலை பழைய ஐடென்ரிக் காட்டிலயோ வெளிநாட்டிலயிருந்து சொந்தக்காரர் அனுப்பின குறூப் போட்டோவிலயோ இருக்கிற ஒரேயொரு முகத்தைத்தான் பெருப்பிச்சுத் தரச்சொல்லிக் கொண்டுவருவினம், மடிச்ச கோடு மூக்குக்கு மேலாலை போகும், சீல் கன்னத்திலை கிடக்கும், பூஞ்சணம் வேற. அதைத் திருத்த, பக்கத்து நல்ல இடத்தைக் கொப்பி பண்ணி மூடுற குளோன் ஸ்ராம்ப், ஹீலிங் பிரஷ், தட்டுத்தட்டா வைச்சுத் திருத்திற லேயர், வேண்டாத இடத்தை மறைக்கிற மாஸ்க், வெளிச்சம் இருட்டைச் சரிப்படுத்திற லெவல்ஸ் காணும். மிச்சம் கையும் பொறுமையும், அந்த மனுசரைத் தெரிஞ்ச ஆக்களிட்டைக் கேட்டுக் கேட்டுச் செய்யிறதும்தான்.

இவ்வளவும் போட்டோசொப் எலமென்ற்ஸ் எண்ட சின்ன வேர்சனிலையும் இருக்கு, 100 டொலர் மட்டிலை, அதுவும் 2025 வேர்சனிலயிருந்து 3 வருசத்துக்குத்தான். காசே இல்லையெண்டா ஜிம்ப் எண்ட எடிற்றிங் சொப்ட்வெயார் இருக்கு, 1996இலயிருந்து இலவசம், 2025 மார்ச்சிலை வந்த 3.0இலை போட்ட பில்ரரைப் பிறகும் மாத்தலாம். முந்தி காசுக்கு வித்த அபினிற்றி எண்ட சொப்ட்வெயாரும் 2025 ஒக்ரோபரிலயிருந்து சும்மா கிடைக்குது, கணக்கொண்டு திறந்தாச் சரி. இப்ப ஆரும் என்னட்டைக் கேட்டா அபினிற்றியைத்தான் சொல்லுவன்.

ஒரு விசயம் மட்டும் கவனிக்கவேணும். எலமென்ற்ஸிலை அச்சகத்து நாலு மைக் கலர் முறையான சிஎம்வைகே இல்லை, ஜிம்பிலையும் நேரா அதிலை வேலை செய்யேலாது, அபினிற்றியிலை செய்யலாம். போட்டோப் பேப்பரிலை பிறின்ற் போடுறதுக்கு இதாலை பிரச்சினை வராது, ஒப்செற் அச்சு மெசினிலை கல்வெட்டு அடிக்கிறதெண்டா ஃபைல் எப்பிடி வேணுமெண்டு அச்சகத்திலை முதலே கேட்டிடுங்கோ. வெளிநாட்டுக் கொம்பனியளுக்கு நாள் முழுக்கப் போட்டோசொப் ஃபைலிலை வேலை செய்யிறவை முழுப் போட்டோசொப்பை வாங்கட்டும், அவைக்கு அது தொழில், டொலரிலையே சம்பளமும் வரும்.

கிராக் கொப்பியைப் போடமுதல் அன்ரிவைரசை நிப்பாட்டச் சொல்லும். அப்பிடி வைரஸ் வந்து அழிஞ்சா அழியிறது எங்கட சாமான் இல்லை, ஆரோ ஒரு பிள்ளையின்ரை கலியாணப் படம், திருப்பி எடுக்கேலாது.

கிளாஸ் நடத்திறவையிட்டைக் கேக்கிறது இதுதான், ஜிம்பிலையோ அபினிற்றியிலையோ படிப்பியுங்கோ, அப்பதான் பிள்ளை வீட்டை போயும் அதையே போட்டுப் பழகும். வெளிச்சத்தையும் கலரையும் திருத்திற கேர்வ்ஸும் மாஸ்க்கும் ஒழுங்கா விளங்கின பிள்ளைக்கு நாளைக்கு ஸ்ரூடியோவிலை எந்த சொப்ட்வெயார் இருந்தாலும் கொஞ்ச நாளிலை பிடிபட்டிடும். அப்பிடிப் பழகி வாற பிள்ளைக்கு என்ரை ஸ்ரூடியோவிலை வேலை குடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
ஸ்ரூடியோ உரிமையாளர் ஒருவர்,
நல்லூர்.